இளங்கோவின் சடை

செவ்வாய், இரவு

வெள்ளிக்கிழமை பழனியில் மகனுக்கு மொட்டை. நேர்த்திக்கடன் என்று மூன்று வருடமாக வெட்டாத முடி. கண்ணில் விழாமலிருக்க அவன் அம்மா சடை பின்னிவிடுகிறாள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துப் பூக்காரம்மா அவனைப் பெண்குழந்தை என்றே நினைத்து, காலையில் ஒரு துண்டு கனகாம்பரம் வைத்துவிடுவார். நான் திருத்தவில்லை. பூ வைத்த நாளெல்லாம் அவன் அழாமல் பால்வாடிக்குப் போனான்.

இன்று அவன் பையன் என்று சொல்லிவிட்டேன். மொட்டைத் தலையோடு போய் நின்று, பூ கிடைக்காமல் ஏமாந்துவிடுவானே என்ற பயம்.

"அட போங்க தம்பி, என் பேரனுக்குப் பொண்ணு பாத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே," என்று சிரித்தார். இளங்கோ எதுவும் நடக்காததுபோலத் தலையை நீட்டினான். வழக்கம்போலப் பூவை வைத்துவிட்டு அவனிடம் கேட்டார்.

"மொட்டை போட்டா பூ நிக்காதே அப்பு. வீட்ல மூணு சக்கர சைக்கிள் இருக்குன்னியே, அதுக்கு வச்சுக்கிறியா?"

தலையாட்டினான். படுக்கும்போதுதான் கவலை வந்தது.

"சைக்கிளுக்குச் சடை இல்லியேப்பா?"

கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். அவனுடைய சிவப்பு ரிப்பனை ஹேண்டிலில் பின்னிக் கட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். குஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறது.