வைக்கோல் போருக்குள் நைனா

உத்திரமேரூர்
24-1-83

அன்பு மகள் கனகாவுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பத்திரமாக இருக்கிறீர்களா. இங்கே எல்லோரும் நலம், போன வாரம் எழுதியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் தம்பி வேதகிரியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, பத்தாவது பையன்கள் சிலர் கஞ்சா பிடிக்கிறார்கள், கண் சிவக்கும், தனியாகப் பேசுவார்கள், ஒளிந்து திரிவார்கள், வேளைக்குச் சாப்பிட மாட்டார்கள், கவனியுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டு வந்தவர்தான் உன் நைனா, கழனியையே மறந்துவிட்டார். அவன் பல் தேய்க்கும்போது வாயை மோந்தார், சட்டையை மோந்தார், அவசரத்தில் கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டு வேதாசலத்தின் வேட்டியையும் மோந்து, அதை அவர் பார்த்துவிட்டார். அப்புறம் அவனைக் கண்காணிக்க வைக்கோல் போருக்குள் பள்ளம் பறித்து உட்கார்ந்துகொண்டார். சோற்றுக்கும் வருவதில்லை. நாலே நாளில் தூசி பட்டுக் கண் மிளகாய்ப் பழம், உள்ளேயிருந்து தனக்குத்தானே முணுமுணுப்பு. மாடு வைக்கோலை இழுத்தபோது இவர் காதும் சேர்ந்து வந்தது. வேதாசலம் என்னிடம் வந்து, "இன்னாம்மா, அண்ணன் கஞ்சா கிஞ்சா இழுக்கிறாரா, சொல்லு, டாக்டராண்ட இட்டுக்கினு போலாம்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வேதகிரி அடுப்பங்கரைக்கு வந்தான். அதே டாக்டர் அவன் வகுப்பிலும் பேசியிருக்கிறார். "எம்மா, டாக்டர் சொன்னது அத்தினியும் நைனாவுக்குக் கீதும்மா. ஏரி மதகாண்ட பசங்களோட நான் ரெண்டு தபாதான் இழுத்தேன், நானும் இப்பிடி ஆயிடுவேனா" என்று தேம்பினான். அவனுக்குக் கண் சிவக்கவில்லை, ஒளியவும் இல்லை. ஒரு மாதமாக என்னோடு சண்டை போடாமல் இருந்தான், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன் கனகா.

நைனாவிடம் போய்ச் சொன்னேன், அடிப்பார் என்று பயந்தேன். வைக்கோலைத் தட்டிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்டா என்று மட்டும் கேட்டார். "அக்கா போனப்புறம் வூட்ல பேச ஆளே இல்ல நைனா" என்றான். மறுநாள் இருவரும் செங்கல்பட்டு டாக்டரிடம் போனார்கள், அவர் முதலில் நைனாவின் கண்ணைத்தான் இழுத்துப் பார்த்தாராம். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இனி அந்தப் பக்கம் போகாதபடி கூடவே இருங்கள் என்றாராம். இப்போது கழனிக்கு அவனையும் கூட்டிப் போகிறார், வழியெல்லாம் பேச்சு. இவர் பேசுகிறார், அவன் கேட்கிறான், அதையும் மாற்ற வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொள். அம்மன் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருப்பாள். மறக்காமல் ஒன்று செய், அடுத்த கடிதத்தை எங்களுக்கு எழுதாதே, உறைமேல் வேதகிரி பெயரைப் போட்டு அவனுக்கு எழுது. கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பிறந்ததிலிருந்து அவன் பேருக்கு ஒரு கடுதாசியும் வந்ததில்லை.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா சொக்கம்மாள்