ஏழாம் தீவின் தயிர்

முதல் நாள். காலை 08:10. வெப்பம் மைனஸ் 4. காற்று வடக்கிலிருந்து.

இதை எழுதுவது செந்தட்டிக்காளை, வயது ஐம்பத்தெட்டு, அருப்புக்கோட்டை. பயணக் குழுவின் சமையல்காரன். தீவில் இறங்கும் ஒவ்வொரு குழுவும் தினமும் குறிப்பு எழுதி, கரையிலிருக்கும் இரும்புப் பெட்டியில் விட்டுப்போக வேண்டும் என்பது கப்பல் விதி. வழிகாட்டி தேன்மலருக்கு நேரமில்லை. அவள் என் அக்கா மகள். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டாள். என் படிப்பு ஏழாம் வகுப்புதான். ஆனால் மூன்று விஞ்ஞானிகள் என் ரசத்தைக் குடித்துவிட்டுத் தங்கள் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டது உலகறிந்த விஷயம்.

இந்தத் தீவு பனி உருகி வெளியே வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. பெயர் கிடையாது, வரைபடத்தில் எண் ஏழு. முழுக்கக் கரும்பாறை. நடுவில் ஒரு வெந்நீர் ஊற்று. பயணிகள் ஆறு பேர். வரும் வழியில் ஒரு திமிங்கலம் என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று. ஆறு பேரும் சாட்சி. நான்காம் நாள் மாலை நான்கு மணிக்குக் கப்பல் திரும்பி வரும்.

முதல் நாள். பகல் 13:30.

வாக்கிடாக்கியில் வந்தவை, உள்ளபடி:

வைகுண்டமணி (மரக்கடை முதலாளி): "காளையண்ணே, கேக்குதா? கடைசில தயிர்சோறு இல்லன்னா அது சாப்பாடே இல்லண்ணே. ஓவர்."

அவர் மனைவி செல்லக்கனி: "தாலி கட்டின கையோட மோர் கேட்ட மனுசன் இவரு. குடுத்துருங்கண்ணே, இல்லன்னா தீவையே தூக்கிருவாரு. ஓவர்."

தேன்மலர்: "அவசரத்துக்கு மட்டும்தான் இதுல பேசணும். எத்தன தடவ சொல்றது? ஓவர்."

கவலை வேண்டாம். உறைமோர் ஒரு சம்படம் நிறைய ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறேன். நான் உறை ஊற்றினால் ஐஸ்மலையும் தயிராகும்.

இரண்டாம் நாள். காலை 09:00. மைனஸ் 6.

தயிர் கத்தியால் வெட்டும் பதத்தில் வந்தது. வைகுண்டமணி மூன்று கிண்ணம் சாப்பிட்டார். இனி என்னைத் தன் கூடப்பிறந்தவனாக நினைப்பதாகச் சொன்னார். தேன்மலர் தொடவில்லை, சின்ன வயதிலிருந்தே தயிர் வாடை அவளுக்கு ஆகாது. சாப்பிட்ட யாருக்கும் குளிரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். மின்கலத்தில் சூடேறும் சூட்டுச்சட்டை செய்யாத வேலையை என் தயிர் செய்கிறது. இதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

இரண்டாம் நாள். பகல் 15:20.

வைகுண்டமணி பாறையில் மோதிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். செல்லக்கனி, "ரத்தம் வருதுங்க" என்றார், தூறல் போடுகிறது என்று சொல்வதைப் போல. தேன்மலர்தான் ஓடிப்போய்க் கட்டுப் போட்டாள். அழுதது அவள் ஒருத்தி மட்டும்.

கப்பலின் வானொலி அதிகாரி நிர்மலன், யாழ்ப்பாணத்துக்காரர். நடந்ததைச் சொன்னதும் அவரிடமிருந்து வந்தது:

"அண்ணை, ஊசியால கையில ஒருக்காக் குத்திப் பாருங்கோ. நோகுதோ?"

குத்தினேன். கோணி தைப்பதைப் போல இருந்தது. நோகவில்லை என்றேன்.

"நீங்கள் எல்லாரும் சாப்பிட்டு, அந்தப் பிள்ளை மட்டும் சாப்பிடாத சாமான் ஏதும் இருக்கோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

இல்லை என்றேன்.

மூன்றாம் நாள். காலை 09:40. மைனஸ் 11.

உறைமோரைப் பற்றி முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். சம்படம் கப்பலிலேயே கவிழ்ந்துவிட்டது. ஒரு சொட்டு மிஞ்சவில்லை. தயிர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊற்றின் ஓரத்தில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. முகர்ந்தேன், புளித்த வாடை. ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான பால்பொடிப் பாலில் கலந்தேன். நான்கு மணி நேரத்தில் உறைந்தது. எத்தனை ஆயிரம் வருடம் பனிக்கடியில் கிடந்த பொருளோ.

இதை நேற்றே நிர்மலனிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னேன். அவர் வரைபடத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு:

"நாங்கள் தெற்கால நிக்கிறம். இடையில பனிக்கட்டி. நாளைக்கு நாலு மணிக்கு முந்தி வரேலாது. எல்லாரையும் சூடா வச்சிருங்கோ அண்ணை. குளிர் விளங்காட்டியும் உடம்பு விறைக்கும். விளங்குதோ?"

விளங்கியது. தேன்மலரிடமும் சொன்னேன். கையிலிருந்த தட்டை என் மேல் எறிந்தாள். நெற்றியில் பட்டது என்று பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள். பகல் 14:00.

யாரும் எழுந்திருக்க விரும்பவில்லை. கரையில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். சண்டையில்லை, முனகலில்லை. சூட்டுச்சட்டைக்கு மின்கலம் மாற்றக்கூட ஆளில்லை. தேன்மலர் ஒவ்வொருவராகக் கூடாரத்துக்கு இழுத்து வருகிறாள். விட்டால் திரும்பப் போய் உட்காருகிறார்கள்.

சோறு வடித்தேன். கரண்டி கிடைக்காமல் உலைக்குள் கையை விட்டுப் பதம் பார்த்தேன். பதம் சரி. கையில் தோல் இல்லை.

வலது காலில் இரண்டு விரல் கறுத்திருக்கிறது.

நான்காம் நாள். காலை 10:40. மைனஸ் 9.

செல்லக்கனி காலையில் வடக்குப் பக்கம் நடந்து போய்விட்டார். தேன்மலர் தேடிப் போனாள். செல்லக்கனி வேறு வழியாகத் தானே திரும்பி வந்து, கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சற்று முன் வாக்கிடாக்கியில் தேன்மலர்:

"மாமா, வடக்குக் கரைப் பாறை இடுக்குல விழுந்துட்டேன். கால் மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறுது மாமா. கயிறு எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்."

கடலேற்றம் பன்னிரண்டரைக்கு உச்சம். அதற்குள் இடுக்கு முழுக்க நிறைந்துவிடும். தூரம் இருநூறு அடி இருக்கும். கயிறு என் பக்கத்தில் இருக்கிறது.

போக வேண்டும் என்று தெரிகிறது.

நான்காம் நாள். காலை 11:05.

கயிற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்து ஓடினேன். படகு கட்டும் இரும்புத் தறியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நுனியில் வளையம் கட்டினேன். பாறையில் குப்புறப் படுத்து இறக்கினேன். அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளச் சொன்னேன். காலை இடப்பக்கம் திருப்பி உருவச் சொன்னேன். பாட்டுப் பாடிக்கொண்டே ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன். தேன்மலர் நலம்.

நான்காம் நாள். காலை 11:20.

"மாமா, கேக்குதா? இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. எங்க இருக்கீங்க? ஏதாச்சும் பேசுங்க மாமா."

மேலே இருப்பது பொய். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கவே இல்லை. இப்படி ஒன்று அவிழ்த்துவிட்டால் நெஞ்சில் சின்னதாக ஒரு குஷி வரும். அதுவும் வரவில்லை. குழந்தையாக இருந்தபோது இவளைத் தோளில் தூக்கித் திரிந்ததை நினைத்துப் பார்த்தேன். வேறு யாரோ யாரையோ தூக்கிப் போனது மாதிரி இருக்கிறது.

நான்காம் நாள். காலை 11:24.

11:05-க்கு எழுதிய பொய்யைத் திரும்பப் படித்தேன். எல்லாம் வரிசையாக இருக்கிறது, பக்குவக் குறிப்பு மாதிரி. சமைப்பவனுக்குப் பசி இருக்க வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருடம் வயிறு நிரம்பிய பிறகும் சமைத்திருக்கிறேன். முதல் வரி, கயிற்றை எடுப்பது.

எடுத்துவிட்டேன்.

நான்காம் நாள். மாலை 15:35. மைனஸ் 8. கடைசிக் குறிப்பு.

ஓடவில்லை, நடந்தேன். தறி எழுதிய இடத்தில் இருந்தது. மூன்று சுற்று, முடிச்சு, வளையம். கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். காலை இடப்பக்கம் திருப்பினால் வரவில்லை; வலப்பக்கம் வந்தது. ஒற்றைக் கை போதவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். இடது கையில் விறைத்திருந்த இரண்டு விரல்கள் அறுந்து கையுறைக்குள்ளேயே தங்கிவிட்டன. பாடவில்லை.

ஈரம் மாற்றி, அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, என் சூட்டுச்சட்டையை அவளுக்குப் போட்டேன். மற்றவர்களைக் கம்பளியில் சுற்றிவைத்திருக்கிறேன். வைகுண்டமணி மதியத்திலிருந்து அசையவில்லை. செல்லக்கனி அவர் தோளில் சாய்ந்து கடலைப் பார்க்கிறார். அவர் இறந்துவிட்டதை நான் சொன்னேன். "அப்படியா" என்றார்.

கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது. நிர்மலன்: "வந்திட்டம் அண்ணை, வந்திட்டம். பிள்ளையோட கதைச்சுக்கொண்டே இருங்கோ, நித்திரையாக விடாதேங்கோ."

தேன்மலர் பற்கள் அடித்துக்கொள்ள என் மேல் சாய்ந்து கேட்டாள்: "மாமா, ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"உசுரே போயிருச்சும்மா. அழுதுகிட்டே ஓடியாந்தேன். வழியில ரெண்டு தடவ விழுந்தேன்" என்றேன்.

என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். முதுகில் தட்டிக்கொடுத்தேன். எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று தெரியாததால் அவள் நிறுத்தும்வரை தட்டினேன்.

இந்தப் பெட்டியைத் திறப்பவர்களே, ஊற்றின் ஓரத்து வெள்ளை ஆடையைத் தொடாதீர்கள். இங்கே நான் எழுதியதை எந்த அதிகாரியிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். தேன்மலரைப் பார்த்தால் மட்டும், நான் நடந்துதான் வந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்.