பிடுங்கிப் போட்ட கிலுகிலுப்பை

என்னங்க,

எழுந்ததும் பின்பக்கக் கதவைப் படாரென்று திறக்காதீர்கள். களை என்று நினைத்து என் கிலுகிலுப்பைச் செடிகளைப் பிடுங்கி மதிலோரம் போட்டீர்களே, அந்தக் குவியல் முழுக்கக் காட்டுப் பட்டாம்பூச்சிகள். கறுப்பில் நீலக்கோடு போட்டவை. நாற்பது வரை எண்ணினேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செடி பச்சையாக நின்றபோது ஒன்றிரண்டுதான் வந்தன. காய்ந்த தண்டைத்தான் அவை தேடி வரும் என்பது நமக்குத் தெரியாததா? கோபத்தில் எனக்கே மறந்துபோயிற்று.

மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். என்னைக் கேட்காமல் பிடுங்கியது தப்புதான். ஆனால் குவியலைக் கொளுத்திவிடாதீர்கள்.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். முன்வாசல் வழியாகவே கூட்டிப் போங்கள். மாத்திரை டிவி பக்கத்தில்.

இன்னொன்று. காட்டோர நாற்றுப்பண்ணையில் நாம் வேலைக்குச் சேர்ந்த வருடம், காய்ந்த கிலுகிலுப்பைக் கட்டு ஒன்றைத் தோளில் தூக்கி வந்தீர்கள். இதே பட்டாம்பூச்சிகள் உங்கள் சட்டையெல்லாம் உட்கார்ந்துவிட்டன. "அசையாதீங்க!" என்றேன். சாப்பாட்டு மணி அடித்தும் நீங்கள் நகரவில்லை.

"என்னய்யா, கம்பம் மாதிரி நிக்கிறே?" என்று மேஸ்திரி கத்தினார்.

"அவங்க நிக்கச் சொன்னாங்க" என்றீர்கள், உதடுகூட அசையாமல்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "எனக்கு மாப்பிள்ளை தேட வேணாம்மா, நான் பாத்துட்டேன்" என்றேன். இத்தனை வருடத்தில் இதை உங்களிடம் சொன்னதே இல்லை.