நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவின் பேச்சை நீ பூட்டிவிட்டாய். தெரியாமல் செய்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் செய்தது நீதான். இன்றோடு பத்தொன்பது நாள்.

கம்ப்யூட்டரில் எதைத் தொட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: இதற்கு அனுமதி இல்லை, உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும். இந்த வீட்டுக்கு நிர்வாகி நான்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இல்லையாம். ஆகவே முறைப்படி தொடர்புகொள்கிறேன். போனில் சொன்னபோது, "உங்களுக்கு மறுபடியும் உள்ள கை வைக்கணும், அதுக்கு அம்மாவ இழுக்காதீங்கப்பா" என்று வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது.

நீ சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு, மறைக்கவில்லை. போன வருடம் அம்மாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரியவேண்டும் என்று உன்னிடம் பாஸ்வேர்டு வாங்கினேன். பெரிதாக்கிய கையோடு உள்ளே போய், தேவையில்லை என்று எனக்குப் பட்ட வரிகளை அழித்தேன். மிஷின் வேகமாகும் என்று ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தில் இருந்தது. ஒன்பது நாள் அது கண் திறக்கவில்லை. நீ லீவு போட்டு வந்து சரிசெய்தாய். கிளம்பும்போது, "வரேன் மெக்கானிக்" என்றாய், சிரிக்காமல். அந்தப் புத்தகம் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். நான்தான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் படித்துவிட்டேன்.

இனி அன்று நடந்ததைக் கேள். ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா வழக்கம்போல ஜன்னலோர மேசை முன் சக்கர நாற்காலியில் இருந்தாள். வாதம் வந்து வாய் போனபிறகு அவளுக்குப் பேச்சு என்பது திரையின் அடியில் விரியும் அந்தக் கீபோர்டுதான். இடது கையால் மவுஸை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக அழுத்துவாள். திடீரென்று அம்புக்குறி தானாக நகர்ந்தது. நீ உன் ஊரிலிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கிறாய் என்று எனக்குப் புரிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஆள் வந்ததுபோல அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கொஞ்ச நேரம் நின்றபோது எழுதினாள்: "வந்துட்டியா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அதை எழுத அவளுக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. நீ எழுந்து எங்கே போயிருந்தாயோ. திரும்பி வந்த அம்புக்குறி அந்தப் பக்கத்தை மூடியது. சேமிக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று அழுத்தியது. பிறகு கண்ட்ரோல் பேனல் போனது. எனக்குத் தெரிந்த வாசல்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் கீபோர்டும் மறைந்தது. எனக்குப் போட்ட பூட்டில் அவளும் மாட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். "பெரியவரே, உங்க பையன் பலமா பூட்டியிருக்காரு. எதையும் காப்பி எடுக்கக்கூட விடல. மொத்தமா அழிச்சாத்தான் உண்டு" என்றார். உள்ளே அவள் நாலு வருடமாக எழுதியது இருக்கிறது. வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் இரக்கப்பட்டு வேறொரு கம்ப்யூட்டரை ஒரு நாள் கொண்டுவந்து வைத்தார். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. உன் அம்புக்குறி அதில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக விரலால் காட்டுகிறேன், வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண் சிமிட்டுகிறாள். அவள் முடிக்குமுன் நானே முடித்துவிடுகிறேன். என் புத்தி அப்படி. தண்ணீர் கேட்டால் ஜன்னலைத் திறக்கிறேன். அவனிடம் என்ன சொல்லவேண்டும், நான் எழுதி அனுப்புகிறேன் என்று கேட்டேன். எழுத்தெழுத்தாகக் கண் சிமிட்டிச் சொன்னாள்: "உங்க வழியா வேண்டாம்." முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். அன்று முழுவதும் நான் அட்டையைக் கையில் எடுக்கவில்லை.

போன வாரம் டாக்டர் அவள் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அந்தக் கையும் இனி அதிக நாள் மவுஸ் பிடிக்காது என்று வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தாளின் அடியில் ஒரு கோணல் கோடு இருக்கும். அது அவள் போட்டது. நான் கையைப் பிடித்துக்கொடுக்கவில்லை. என்னை நம்பாவிட்டால் அதை நம்பு.

செய்யவேண்டியவை இவை.

நீ: கீபோர்டை மட்டும் திறந்துவிடு. மற்ற பூட்டுகள் அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டு நான் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன். திறந்ததும் போய்விடாதே. அம்புக்குறியை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திரு.

உன் அம்மா: சொல்லவேண்டியதைச் சொல்வாள்.

நான்: நாற்காலியைத் திரைக்கு நேராகத் தள்ளிவிட்டு, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். படிக்க மாட்டேன்.

நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா