என் பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

சின்சினாட்டி,
1984 அக்டோபர் 21, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் நோர்பர்ட்டுக்கு,

ரோசெல்லா எழுதுகிறேன். ஜெர்மனியிலிருந்து திரும்பி ஒரு வாரமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஃபீனிக்ஸில் இன்னும் வெயில் குறையவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. நீ தொலைபேசியில் கூப்பிட்டது கேட்டது. நான்தான் எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் ஏதாவது கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கிலியன் தாத்தாவைத் தேடி நான் நூலகத்தில் உட்கார்ந்த சனிக்கிழமைகளை நீ எவ்வளவு கேலி செய்திருக்கிறாய்! "என்னடி, இன்னிக்கு எந்தப் பிணத்தோட பேசிட்டு வந்தே?" என்பாய். நானும் சிரிப்பேன். நம் வீட்டில் சொல்லிவந்த கதை ஒன்றுதான். தாத்தா அநாதை, ரொட்டி சுடும் தொழிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கப்பலேறியவர், அங்கே அவரை நினைத்து அழ ஆளில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் பவேரியா என்று ஜெர்மன் மாகாணத்தின் பெயர் மட்டும் இருந்தது. கப்பல் பயணிகள் பட்டியலில்தான் எல்சன்பாக் என்ற ஊர்ப் பெயர் கிடைத்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. அந்த ஊர்க் கோவிலின் பதிவேடுகளைப் படமெடுத்து வைத்த சுருளை நூலகத்துக்கு வரவழைத்தேன். லத்தீனும் அந்தப் பழைய கோணல் எழுத்தும் கண்ணுக்குப் பழகவே வெகுகாலம் ஆயிற்று.

போன பிப்ரவரியில் அதில் தாத்தாவின் ஞானஸ்நானம் கிடைத்தது. சந்தோஷத்தில் சுருளை இன்னும் சுற்றினேன். 1879இல் அவருக்குக் கல்யாணம். பெண் பெயர் ஒட்டிலியா. மறுவருடம் ஒரு பெண் குழந்தை. இருவரும் சாகவில்லை. அவர்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இங்கே நம் பாட்டியைக் கட்டும்போது, தனக்கு இன்னும் மணமாகவில்லை என்று கோவிலில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அன்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். நீ, "செத்தவங்களை எதுக்கு ரோசி தோண்டுறே? விட்டுடு. அங்க போய் மட்டும் நிக்காதே, அவமானம்" என்றாய். என்னைப் போலவே உனக்கும் மனசு ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் விமானம் ஏறினேன்.

ஒட்டிலியாவின் வம்சம் இன்னும் அங்கே ரொட்டிக்கடைதான் வைத்திருக்கிறது. கடையில் நின்றவள் பெயர் ஆஃப்ரா, ஒட்டிலியாவின் கொள்ளுப்பேத்தி. என் வயதுதான். நம் ரொட்டிக்கடை அடுப்பு என் கையில் விட்டதுபோலவே அவள் கையிலும் சூட்டுத் தழும்புகள். அம்மா சொல்லிக்கொடுத்த ஜெர்மனில், நான் கிலியன் ஹெம்மரிச்சின் பேத்தி, பெயர் ரோசெல்லா என்றேன். அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"நீங்க சின்னதிலேயே செத்துப்போயிட்டீங்கன்னு சொன்னாரே" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்க அண்ணன்தான். நோர்பர்ட்."

அண்ணா, நீ அமெரிக்கப் பட்டாளத்தில், அந்த ஊருக்கு அடுத்த வூர்ட்ஸ்பர்க் பக்கம் இருந்த காலம் அது. முகாமில் துணி வெளுக்கப் போன ஆஃப்ராவின் அம்மா உன் துணிமூட்டையில் ஹெம்மரிச் என்ற பெயரைப் பார்த்து, விசாரித்து, வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். 1951இல் அந்த இலையுதிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். உருளைக்கிழங்கு உருண்டையை இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்குவாயாம். தாத்தா செய்ததை அவர்கள் என்றைக்கோ மன்னித்துவிட்டார்கள். "அவரு போனா போறாரு, பேரனாவது வந்தானே" என்று ஆஃப்ராவின் அம்மா உன் தலையைத் தடவுவாளாம்.

ஆஃப்ராவுக்கு அப்போது இருபது வயது. தொழிலை முழுதாகக் கற்றவள். அமெரிக்காவுக்கு வர ஆசை. இங்கே சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். நம் அப்பா போடுவாரா என்று உன்னிடம் அவள் அம்மா கேட்டாள். அப்போதுதான் நீ சொல்லியிருக்கிறாய்: "அங்க யாருமே இல்லீங்க. அப்பா அம்மா போயிட்டாங்க. தங்கச்சி ரோசெல்லா தொண்டை அடைப்பான் வந்து சின்ன வயசுலயே போயிட்டா. கடையும் இல்ல." அடுத்த ஞாயிறு உனக்காகச் சமைத்து வைத்துக் காத்திருந்தார்களாம். நீ அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அந்த வருடம் அப்பா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார், அண்ணா. பக்கத்தில் நானும் நின்றேன். அப்புறம் அவருக்கு வாதம் அடித்தது. வேலைக்கு வந்தவனுக்குத் தொழில் தெரியவில்லை, தெரிந்தவன் தங்கவில்லை. மாவு மூட்டைகளை நானே இழுத்தேன். என்னைப் பெண் கேட்டு வந்த மனிதர் காத்திருந்து சலித்து வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். கடையை மூடிய அன்று நீ வந்து, "தொழில் தெரிஞ்ச கை ஒண்ணு கிடைச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம் ரோசி" என்று என் தோளைத் தட்டினாய். அந்தக் கை எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தே தட்டினாய்.

இன்னொருத்தி வந்தால் கடையில் உன் பங்கு குறையும் என்று பயந்தாயா? இல்லை, அப்போதைக்குத் தப்பிக்க வாயில் வந்ததைச் சொன்னாயா? திரும்பி வரும்போது வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் சொன்ன பொய், போகட்டும் என்று விடவும் பார்த்தேன். ஆனால் அதற்கப்புறம் உனக்கு வயது ஏறிக்கொண்டுதானே இருந்தது? தாத்தா ஓடிப்போனவர், அவரை நான் பார்த்ததுகூட இல்லை. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஆஃப்ராவின் அம்மா கைப்பட எழுதிய வம்ச மரம் மாட்டியிருக்கிறது. இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவது அந்த ஊர் வழக்கம். பதிவேடுகளில் அப்படி எத்தனையோ சிலுவைகளைக் கடந்து வந்தவள்தான் நான். என் பெயருக்கு முன்னால் ஒன்றைப் பார்த்ததும் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்கள் திருநாளில் எனக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். என்னைப் பார்த்தே இராதவர்கள்.

ஆஃப்ரா அழுதுகொண்டே ஒரு பிளேடு எடுத்து வந்து அதைச் சுரண்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், இதைப் போடவைத்தவன் வந்து எடுக்கட்டும் என்றேன்.

ஈஸ்டருக்கு அவள் இங்கே வருகிறாள். என்னோடுதான் தங்குவாள். அந்த வம்ச மரப் படத்தையும் எடுத்து வருவாள். அண்ணியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். நெஞ்சு வலிக்கான மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள். ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும்.

வா அண்ணா. வந்து உன் கையால் அந்தச் சிலுவையை எடுத்துவிடு. நீ வராவிட்டால் அது அப்படியே இருக்கட்டும் என்று ஆஃப்ராவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை,
ரோசெல்லா