வெட்டாமல் விட்ட முகத்துவாரம்

இன்று காலை ஆபீசில் மேசை இழுப்பறையைத் திறந்ததும் கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது. பக்கத்து இருக்கை அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், உள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க" என்றார். எலி இல்லை. உன் தாள்தான். பாலிதீன் உறையில் போட்டு, உங்கள் வீட்டு இறால் கருவாட்டுக் கூடைக்கு மேலே கழியில் செருகி வைத்திருந்தாயே, அந்த இரண்டு பக்கத் தாள். உன் வீட்டுக்காரி அதை என்னிடம் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. வாடை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. இழுப்பறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷக் குப்பையை மளமளவென்று கிழித்துப் போட்டேன், இதைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை.

சட்டமன்றத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதிலும் அதில் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாரி நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசு முன்வருமா? கேட்டவர் நம் தொகுதி எம்.எல்.ஏ. என்று போட்டிருக்கிறது. கேட்டது நீ என்பது எனக்குத் தெரியும். அந்த மனுஷன் காது குத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் மூன்று வருஷம் வாசலில் போய் நின்றவன் நீ. "மொகத்துவாரம் மண்ணு மூடுதுண்ணே. ஏரித் தண்ணி கடலுக்குப் போவல, கடல் இறா ஏரிக்கு வர்ல. எங்க போட்டு வெளிய போனா மணல்ல தட்டுது. மந்திரிய ஒரு வார்த்த கேளுங்க." இதையே மனப்பாடம் செய்தது போல் சொல்வாய். கடைசியில் உன் தொல்லை தாங்காமல்தான் அவர் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்து நாளில் டச்சுக்காரன் கல்லறைச் சுவர்மேல் உட்கார்ந்து இலந்தைப் பழம் தின்போமே, அப்போதே உனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. "இவனுங்க கப்பலு நின்ன எடம்டா பாயி. இப்ப எங்க நைனா போட்டு நிக்க மாட்டுது" என்பாய். நான் கொட்டையைத் துப்பிக்கொண்டு சிரிப்பேன். எங்கள் வீட்டில் கடல் வியாபாரம் வாப்பாவின் தாத்தாவோடு போயிற்று. எனக்குச் சுருக்கெழுத்து வந்தது. சபையில் உறுப்பினர்கள் பேசுவதை எழுத்தாக எடுக்கிற வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனேன். நீ போட்டைப் பிடித்தாய்.

அந்தக் கேள்வி சபைக்கு வந்த நாளில் பார்வையாளர் மாடத்துக்கு உனக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பொன்னேரிக்கு முதல் பஸ்ஸில் வந்து, ரயில் பிடித்து, எட்டு மணிக்கே வாசலில் நின்றாய். உள்ளே நாங்கள் எப்படி எழுதுவோம் என்று கேட்டாய். ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஒருத்தர் முறை முடிந்ததும் அடுத்தவர் போய் உட்காருவோம் என்றேன். உனக்கு முகமெல்லாம் பல். "இன்னா பாயி, உங்களுக்கும் பாடு வெச்சிக்கிறாங்களா!"

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முறை வைப்பதுதான் உங்கள் பாடு. ஒருத்தன் எழுந்து கூட்டத்தில் இந்தப் பாடு என்னுது என்று சொல்லிவிட்டால், அவன் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொருத்தன் அங்கே கை வைக்க மாட்டான். இறால் துள்ளிக்கொண்டு கிடந்தாலும் தொட மாட்டான். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்தவன்தானே. தெரிந்தும் அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அந்தக் கேள்வி என் கையால்தான் குறிப்பில் ஏற வேண்டும் என்று கூட வேலை செய்பவரிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டேன். எம்.எல்.ஏ. எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். அமைச்சர் எழுந்து, "இது அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று வாசித்தார். நம் ஆள் விடவில்லை, துணைக் கேள்வி போட்டார். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார். "ஏரிக்கு முகத்துவாரம்தான் வாய். வாயை மூடிவிட்டால் வயிறு என்ன செய்யும்?" சபை சிரித்தது. அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று எழுதிக்கொண்டேன். அமைச்சரும் சிரித்தபடியே, "உறுப்பினர் கவலைப்பட வேண்டாம், அந்தப் பணியை அரசே எடுத்துச் செய்யும்" என்றார். மேசைகளைத் தட்டினார்கள். அதையும் எழுதினேன்.

மேலே பார்த்தேன். நீ எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாய். காவலர் உன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மாடத்தில் நடப்பது குறிப்பில் ஏறாது, அது விதி. ஆகவே உன் கும்பிடு எங்கேயும் பதிவாகவில்லை.

வெளியே டீக்கடையில் என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாய். "இதுல நம்ம மொகத்துவாரம் எங்கடா?" காட்டினேன். பரிசீலனையில் உள்ளது என்ற வாசகம் தினமும் பத்துத் தடவையாவது வரும். அதனால் அதற்கு நாங்கள் சுருக்கெழுத்தில் தனியாகப் பென்சிலின் ஒரே இழுப்பு வைத்திருந்தோம், கடைசியில் சின்னதாக ஒரு சுழி. நீ விரலால் அந்தச் சுழியைத் தடவினாய். "அம்மாம் பெரிய மொகத்துவாரம், இத்துனூண்டா ஆயிட்ச்சே" என்று சிரித்தாய். பிறகு டீயை வைத்துவிட்டுக் கேட்டாய், "அப்போ, இந்த வருசம் நாங்க வெட்ட வாணாமா?"

கோடையில் மண் ஏறி வாய் குறுகும்போது, பங்குனியில் சுற்று ஊரெல்லாம் மண்வெட்டியோடு இறங்கி நீங்களே வெட்டித் திறப்பீர்கள். உன் நைனா காலத்திலிருந்து நடக்கிற வேலை. "வெட்டுங்கடா, அவங்க வரும்போது வரட்டும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சுழிக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆனால் நான் என்ன சொன்னேன்? அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. என் ஊர்க்காரன் முன்னால் என் சபை பெரிய சபையாக இருக்க வேண்டும். "சபையில சொன்னது. குறிப்புல ஏறிடுச்சு. சும்மா போவாது" என்றேன். சீ, எப்பேர்ப்பட்ட வாய் எனக்கு!

அந்தக் கேள்வி பதிலை நான் தட்டச்சு செய்து உனக்கு அனுப்பினேன், நீ ஊர்க்கூட்டத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாயாம். "சர்க்காரு பாடு சொல்லிட்டாங்க. இனிமே நம்ம கை வெக்கக்கூடாது." யாரும் எதிர்த்துப் பேசவில்லையாம், உங்கள் முறைப்படி அது சரிதானே. உன் வீட்டுக்காரி ஒருத்திதான் கேட்டாளாம். "அவங்க வர்ற வரிக்கும் மண்ணு நிக்குமா?" நீ அவளை அதட்டினாயாம். "உனுக்கு இன்னா தெரியும், நான் கண்ணால பாத்தேன்."

பங்குனி பாதியில் போன் செய்தாய். "பாயி, எப்ப வருவாங்க? வாய் வரவரச் சின்னதாவுது." விசாரித்துச் சொல்கிறேன் என்று அந்த அமைச்சரின் துறை அலுவலகத்துக்கு நடந்தேன். அங்கிருந்த அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பரிசீலனைன்னா பரிசீலனைதான் சார். நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றார். அதை அப்படியே உன்னிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கொஞ்சம் நேரம் ஆகும் போலிருக்கிறது என்றேன். "பெரிய எடம், டைம் எடுக்கும்ல" என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். அடப்பாவி, அன்றைக்காவது என்னைத் திட்டியிருக்கக்கூடாதா?

சித்திரையில் ஒரு மத்தியானம், மூன்று மணி வெயில். மீனோடு திரும்பிய உன் போட், வாயில் ஏறிக் கிடந்த மணலில் தட்டி நின்றது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கிக் கவிழ்த்தது. மற்ற மூன்று பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். எஞ்சின் உன் தலையில் அடித்திருந்தது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் என்றார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் போட்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்து அழவில்லை. உள்ளே போய்க் கழியிலிருந்து அந்த உறையை உருவி வந்து என் கையில் வைத்தாள். "இத்த நீங்களே வெச்சிக்கங்கண்ணா. உங்க எழுத்துதானே" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஊர் மண்வெட்டியை எடுத்தது. நானும் போனேன், அரைநாளில் கையெல்லாம் கொப்புளம். இரண்டே நாள். இரண்டு நாளில் வாய் திறந்து ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது. தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் தொடங்கிய கூட்டத்தொடரில் எம்.எல்.ஏ. மறுபடி எழுந்தார். உன்னைப் பற்றிச் சொன்னார். அமைச்சர் இரங்கல் தெரிவித்துவிட்டு, துறையிலிருந்து வந்த குறிப்பை வாசித்தார். "தற்போது முகத்துவாரம் திறந்த நிலையில் உள்ளது. எனவே உடனடித் தேவை எழவில்லை." ஒரு சொல்லும் பொய் இல்லை. ஊர் வெட்டித் திறந்தது அவருக்குப் பதிலாகிவிட்டது. கேட்பவர் கேட்டார், சொல்பவர் சொன்னார், மணி அடித்ததும் அடுத்த கேள்விக்குப் போனார்கள். என் கொப்புளம் அப்போது காய்ந்திருக்கவில்லை. பென்சிலைப் பிடிக்க வலித்தது. எழுதினேன்.

அதற்குப் பிறகு தேர்தல் வந்தது, கட்சி மாறியது, அமைச்சர் மாறினார், நம் எம்.எல்.ஏ.வும் மாறினார். உன் ஊரில் மட்டும் ஒன்று நிலைத்திருக்கிறது. யார் என்ன சொன்னாலும் பங்குனியில் வெட்டுகிறார்கள். சர்க்கார் பாடு சொன்னாலும் இப்போது யாரும் விலகி நிற்பதில்லை. இதை நல்ல சேதியென்று உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. ஒரு வார்த்தையை நம்பி ஒதுங்கி நிற்கத் தெரிந்த ஊரை நாங்கள் கெடுத்துவிட்டோம், உன்னையும் கொன்றுவிட்டோம். நாங்கள் என்று சொல்வதுகூடத் தப்பித்துக்கொள்வதுதான். உன்னிடம் பேசியது நான்.

என் கடைசி முறை போன வாரம் முடிந்தது, ஐந்தே நிமிஷம். புது உறுப்பினர் எழுந்து, பழவேற்காடு முகத்துவாரத்தைத் தூர்வார அரசு முன்வருமா என்றார். கேள்வியை எழுதினேன். அமைச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைத் தேடிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால், என் கை பரிசீலனைக்கான அந்த இழுப்பைப் போட்டுச் சுழியையும் முடித்திருந்தது. அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். அதற்குள் அவர் வாசித்துவிட்டார். அழிக்க வேண்டியிருக்கவில்லை.