2147-ஆம் எண் கடிகாரம்

லெ லோக்ல்,
18 பிப்ரவரி 1954

அன்புள்ள நூமாவுக்கு,

உன் அதேல் எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அதை விட்டுவிட்டு உன்னைக் கேட்கிறேன். காய்ச்சல் இறங்கியதா? மத்தியானம் சானடோரியத்துப் பால்கனியில் படுக்க வைக்கும்போது கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறாயா? டாக்டர் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். மனத்தை அலட்டும் சேதி எதுவும் வீட்டிலிருந்து வரக் கூடாதாம். பத்து நாள் அவர் சொல்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. சூப்பை முழுக்கக் குடித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து இதைப் படி.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. பனி கீழ்வீட்டு ஜன்னலை மூடிவிட்டது. மாடிவீட்டு ஃபிரிட்ஸ்தான் காலையில் வழி வெட்டித் தருகிறான். மண்வாரியை ஊன்றிக்கொண்டு, "உன் புருஷன் அங்க ராஜாவாட்டம் வெயில் காயறான், நான் இங்க அவன் வாசலை வெட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுகிறான். பாவம், உன்மேல் உயிர் அவனுக்கு. நீ கேட்டபடி உன் கடிகாரத்துக்கும் தினமும் காலை ஏழு மணிக்குச் சாவி கொடுத்துவந்தேன். கொடுத்துவந்தேன் என்று ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஐந்தாம் தேதி ஷார்பியே டீச்சர் வந்தார். எழுபத்தெட்டு வயதில் அந்தச் சறுக்கலில் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, கைக்குட்டையில் சுற்றிய தன் அப்பாவின் கடிகாரத்தை என் மேசையில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் அவருடைய அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூட மணி அடித்தார் என்று நம் இருவருக்கும் வாய்ப்பாடு சொல்லித்தந்த காலத்திலேயே பெருமை பேசுவாரே, அதே கடிகாரம். "வெயில் வந்தா சோம்பிப் போயிடுது அதேல், பனி கொட்டினா துள்ளிக்கிட்டு ஓடுது. மூணு வருஷமா இப்படித்தான். நூமா கை பட்ட கடிகாரம், அதுல குத்தம் இருக்காது. எனக்குத்தான் கை நடுங்குது, சாவி சரியாக் கொடுக்கறதில்ல போல" என்றார். தன்னைத்தானே திட்டிக்கொண்டார் நூமா. மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பதினாறு வயதிலிருந்து கடிகாரங்களின் மயிரிழைச் சுருளோடு, இந்த ஹேர் ஸ்பிரிங்கோடு, மல்லுக்கட்டுகிறவள் நான். வெயிலுக்குப் பிந்துகிறது, குளிருக்கு முந்துகிறது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்வேன். சாதாரணப் பித்தளை பேலன்ஸ் சக்கரம். வெயிலையும் குளிரையும் சமாளிக்கிற இரட்டை உலோகச் சக்கரம் அதில் இல்லை. திறந்தேன், இல்லை. பின்மூடியின் உட்புறத்தில் உன் கீறல் இருந்தது: நூ.வூ., 9.50.

அந்தச் செப்டம்பர் எனக்கு நினைவு இருக்கிறது. நீதான் அந்தப் பித்தளைச் சக்கரத்தை என்னிடம் கொடுத்தாய். இதுவா வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். "பழசு முறிஞ்சுபோச்சு அதேல், வேற எங்கயும் கெடைக்கல. டீச்சருக்கு இது போதும்" என்றாய். நம்பினேன். ஹேர் ஸ்பிரிங்கை அதற்குப் பொருத்தி ஓடவிட்டது என் கை.

இப்போது நல்ல சக்கரம் ஒன்று செய்துபோடலாம், அளவு பார்க்க அதே பட்டறையின் வேறு கடிகாரம் வேண்டும் என்று உன்னுடையதைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு, வேறு எண்ணம் எதுவும் இல்லாமல். உன் கடிகாரத்தின் எண் 2163. உள்ளே குத்தியிருக்கும் கடைசி இரண்டு இலக்கமும் அதுவே: பாலத்தகட்டில் 63, அடித்தட்டில் 63, எல்லாச் சாமானிலும் 63. பேலன்ஸைக் கழற்றித் திருப்பினேன். அடியில் 47. டீச்சரின் கடிகாரம் 2147.

பூதக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழாகவே இருந்தது.

அந்தச் செப்டம்பருக்கு முந்தின கோடையில், பெசான்சோன் சந்தையில் உன் கடிகாரம் கிடைத்த அன்று நீ வீட்டுப் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாய். பதினோரு வருஷம் தேடியது. ஒரே குறை, பேலன்ஸ் இல்லை. அதன்பின் நீ சாப்பிடும்போதும் அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் பேசினாய். ஒருநாள் பேச்சை நிறுத்தினாய். கடிகாரம் ஓடியது. யாரோ பழைய சாமான்காரரிடம் கிடைத்தது என்றாய். அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டேனே, அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

என்னால் ஜீரணிக்க முடியாதது இன்னொன்று. அந்த எண்ணை நீ ஏன் தேய்த்து அழிக்கவில்லை? ஒரு நிமிஷ வேலை. பழைய எண்ணை அழிப்பவன் நம் தொழில்காரனே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாய். கிழவியின் சாமானை எடுக்க மனம் வந்தது, எண்ணில் அரத்தை வைக்க வரவில்லை. போதாததற்கு எடுத்த இடத்தில் பெயரும் தேதியும் கீறிவிட்டு வந்திருக்கிறாய், ஒழுங்காக வேலை செய்தவன்போல. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதேன்.

ஊர்க் கடிகாரக் கண்காட்சிக் குழுவின் ஜொபேன் இரண்டு தடவை வந்தார். "நூமாவோட கடிகாரம் வராம கண்ணாடிப் பெட்டியை மூடமாட்டோம். பேர் அட்டைகூட எழுதியாச்சு" என்றார். "எல்லாச் சாமானும் அசல்" என்று அட்டையில் எழுதியிருக்கிறார்களாம். வருகிற திங்கட்கிழமை எடுத்துப்போக வருவார். நீ அந்தத் திங்களை எண்ணிக்கொண்டு அங்கே படுத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் கடிதங்களில் என்னை ஒரு வரி விசாரித்தால் அதை நாலு வரி விசாரிக்கிறாய். அதனால்தான் பத்து நாள் தவித்தேன். இதைச் சொன்னால் உன் காய்ச்சல் ஏறுமோ என்று பயம். சொல்லாவிட்டால் திங்களன்று அந்த அட்டைக்கு நானும் சாட்சி.

செய்துவிட்டேன் நூமா. பேலன்ஸைக் கழற்றி டீச்சரின் கடிகாரத்தில் திருப்பி வைத்தேன். ஒருநாள் ஜன்னல் பனியில் வைத்தேன், ஒருநாள் அடுப்போரம் வைத்தேன். இரண்டுக்கும் அசையவில்லை, வானொலி மணியோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. தன் வீட்டுக்குப் போன சந்தோஷம் அதற்கு. நேற்று டீச்சர் வந்து வாங்கிக்கொண்டார். பின்மூடியைத் திறந்து பார்த்து, "எப்பவும் நூமா பேருதானே இருக்கும், இப்ப கீழ உன் பேரு இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், உன் கீறலுக்குக் கீழே என் பெயரைக் கீறியிருக்கிறேன். கடைசியாகப் பெயர் போட்டவர்தான் கடிகாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். இந்த வேலை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். போகும்போது, "நூமா திரும்பி வரட்டும், முட்டை அப்பம் செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்றார். கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன்.

நடந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. ஒரு தாளில் நாலு வரி போதும். ஜொபேனிடம் உன் கடிகாரம் ஓடவில்லை, தர இயலாது என்று சொல்லப்போகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூடி திறந்தபடி உன் மேசையில் கண்ணாடிக் குடுவைக்குள் கிடக்கிறது. நினைத்தால் அந்தப் பித்தளைச் சக்கரத்தைப் பொருத்தி ஓட வைத்துவிடுவேன். மாட்டேன்.

கோபம் இன்னும் போகவில்லை. அதோடு பயமும் இருக்கிறது, இந்தக் கடிதம் உன்னைப் படுக்கையோடு போட்டுவிடுமோ என்று. அப்படி ஆனால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். ஆனாலும் பொய்யோடு ஒரு மனுஷன் தேறிவந்து என்ன செய்ய?

இருமும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள். பாலை மிச்சம் வைக்காதே. புதுக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு அனுப்புகிறேன், இடதுகால் பெருவிரலில் ஒரு கண்ணி நழுவியிருக்கும், அது நேற்று பின்னியது. கடவுள் உனக்கு மூச்சைத் திருப்பித் தரட்டும், கையில் தெம்பு தரட்டும். அந்தக் காலி இடத்துக்கு ஒரு சக்கரம் நீயே கடைந்துபோடு, எத்தனை வருஷம் ஆனாலும் பக்கத்து மேசையில் நான் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒருநாள் என்னோடு டீச்சர் வீட்டுக்கு வா. பின்மூடியில் என் பெயருக்குக் கீழே ஒரு கீறலுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அதேல்